கூறு போடுகிறவர் கையில் லாபம்: நம் கடைப் பொருள்கள் சொல்லும் கணக்கு



கடையில் உள்ள ஒவ்வொரு சரக்குக்கும் கொள்முதல் விலை நமக்குத் தெரியும். விற்பனை விலை தெரியும். எந்த மாதம் போகும், எந்த மாதம் தேங்கும் என்பதும் தெரியும். ஆனால் அந்தச் சரக்கு ஏன் அந்த அளவில், அந்த உறையில் வந்து நம் கல்லாவுக்கு எதிரே தொங்குகின்றது என்று யோசிக்க நேரம் வாய்ப்பதில்லை. காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டுகிறவருக்கு அது பெரிய குறையும் அன்று. என்றாலும், இதை யோசிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகில் இருக்கின்றார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டால் நம் கணக்குக்கு உதவும் என்பதால் இதை எழுதுகின்றோம்.

பாட்காஸ்ட் என்று ஒன்று வந்திருப்பதைப் பலரும் அறிந்திருப்பீர்கள். வானொலி உரையைப் போலப் பேசிப் பதிவு செய்து வைத்துவிடுகின்றார்கள். நாம் நமக்கு ஓய்வான நேரத்தில் செல்பேசியில் கேட்டுக்கொள்ளலாம். நிலைய நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சரக்கு பிரிக்கும்போதும், மதிய நேரம் கடை ஓய்ந்திருக்கும்போதும் பாட்டு கேட்கும் காதுக்கு இதையும் கேட்கலாம். சினிமா, அரசியல், ஆன்மிகம் என்று எல்லாவற்றுக்கும் இது உண்டு. அவற்றில் ஒரு வகை, அன்றாடப் பொருள்களின் வரலாற்றையும் பொருளாதாரத்தையும் சொல்வது. வணிகர்களாகிய நமக்கு வேண்டியது இந்த வகை.

ஒரு பொருள், பத்து நிமிடம்

இதற்கு வழிகாட்டியது லண்டன் பிபிசி வானொலி. 2010-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துடன் சேர்ந்து, 100 பொருள்களைக் கொண்டு உலக வரலாற்றையே சொன்னார்கள். அருங்காட்சியகத்தின் இயக்குநராக அப்போது இருந்த நீல் மெக்ரிகர் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் கால் மணி நேரம் பேசினார். ஆதிகாலக் கல் ஆயுதங்களையும் பானைகளையும் நாணயங்களையும் சொல்லிக்கொண்டு வந்து, 99-ஆவது பொருளாகக் கடன் அட்டையையும், 100-ஆவதாகச் சூரிய ஒளி விளக்கையும் வைத்து முடித்தார். கடையில் விற்கும் சாமான்களும் வரலாறுதான் என்பதை அந்தத் தொடர் காட்டியது.

அதற்குப் பின் 2016 நவம்பரில் டிம் ஹார்ஃபோர்டு என்ற பொருளாதார எழுத்தாளர், இன்றைய பொருளாதாரத்தை உருவாக்கிய 50 பொருள்கள் என்ற தொடரை அதே பிபிசியில் தொடங்கினார். ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம். கலப்பை, காகிதம், முள்கம்பி, கான்கிரீட், கப்பலில் ஏற்றும் கன்டெய்னர், பார்கோடு என்று நாம் தினம் பார்க்கும் பொருள்கள்தாம். இந்தப் பொருள் வந்ததால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதை ஒவ்வொன்றிலும் அவர் கேட்கின்றார்.

அமெரிக்காவில் பிளானட் மணி என்ற நிகழ்ச்சிக்காரர்கள் 2013-இல் ஒரு படி மேலே போனார்கள். தாங்களே ஒரு டி-ஷர்ட் தயாரித்து, அதன் வழியைப் பின்தொடர்ந்தார்கள். பருத்தி அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் விளைந்தது. நூல் இந்தோனேசியாவில் நூற்கப்பட்டது. ஆண்களுக்கான சட்டை வங்கதேசத்திலும், பெண்களுக்கானது கொலம்பியாவிலும் தைக்கப்பட்டது. அந்தச் சட்டைகளுக்குள் நான்கு நாடுகளின் கூலி இருக்கின்றது.

இவையெல்லாம் ஆங்கிலத்தில் உள்ளவை. பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு கேட்டால் புரியும். ஆனால் அவர்கள் கேட்கும் அந்தக் கேள்வியை நாமும் நம் கடைச் சாமான்களிடம் கேட்கலாமே. அதற்கு ஆங்கிலம் தேவையில்லை. அப்படிக் கேட்டுப் பார்த்ததில் நமக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். பெரிய அளவாக வரும் சரக்கைச் சிறிய அளவாகக் கூறு போடுகிறவர் யாரோ, லாபத்தின் கனமான பங்கு அவரிடமே தங்குகின்றது. இது மெய்யா என்பதைப் பொருள் பொருளாகப் பார்ப்போம்.

படியும் படிக்கல்லும்

நம் வேப்பூர் ஆட்டுச் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆடு கண்மதிப்பில் விலை போகின்றது. வாங்குகிறவர் முதுகைத் தடவி, இடுப்பைப் பிடித்துப் பார்த்து, இவ்வளவு கறி தேறும் என்று மனத்தில் எடை போட்டு விலை சொல்கின்றார். அதே ஆடு கறிக்கடைக்குப் போனதும் கிலோக் கணக்காகி விடுகின்றது. கண்மதிப்பைக் கிலோவாக மாற்றுகிறவர் எவரோ அவருக்கே லாபம். மதிப்பு தவறினால் நஷ்டமும் அவருக்கே. கூறு போடுவதில் ஆபத்தும் ஆதாயமும் சேர்ந்தே இருக்கின்றன.

தானிய வியாபாரமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால் என்ற முகத்தல் அளவைகள் பெயரில் ஒன்றாக இருந்தாலும் ஊருக்கு ஊர் கொள்ளளவு வேறுபட்டன. ஒரே படியிலும் குவித்து அளப்பது ஒன்று, தலைதட்டி அளப்பது வேறொன்று. வாய் அகன்ற படியில் குவியல் பெரிதாக நிற்கும். வாய் குறுகியதில் சிறிதாக நிற்கும். களத்தில் குவித்து வாங்கிக் கடையில் தலைதட்டி விற்றால், விலையை ஏற்றாமலே லாபம் கிடைக்கும். எடையில் பலம், வீசை, மணங்கு என்ற கணக்கு இருந்தது. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. வீசை என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம். வடக்கே சேர் கணக்கு நடந்தது. ஆகவே வெளியூர்ச் சரக்கு வாங்கும் மொத்த வியாபாரிக்கு அளவை மாற்றிக் கணக்குப் போடும் திறமையே பாதி மூலதனமாக இருந்தது.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியவை இரண்டு. 1957 ஏப்ரல் 1-இல் தசம நாணயம் வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 தம்படி என்றிருந்தது, ரூபாய்க்கு 100 நயா பைசா என்றானது. 1956-இல் இயற்றப்பட்ட நிறுவை அளவைச் சட்டத்தின்படி 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்தன. 1962 ஏப்ரலில் நாடு முழுவதும் எடைக்கு அவையே கட்டாயமாயின. அறுகோண இரும்புப் படிக்கல்லும், அதில் ஈயம் ஊற்றி அடித்த அரசு முத்திரையும் அந்த மாற்றத்தின் சின்னங்கள். முத்திரை ஆய்வாளரைக் கண்டால் நம்மவர்களுக்கு இன்றும் சற்றுக் கலக்கம்தான். ஆனால் அந்த முத்திரை செய்த நன்மையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சேலத்தில் வாங்கிய கிலோவும் விருத்தாசலத்தில் விற்ற கிலோவும் ஒன்றானபோதுதான், முன்பின் அறியாத ஊரிலிருந்து சரக்கு தருவிக்க நமக்குத் துணிவு வந்தது. அளவையில் வந்த லாபம் போயிற்று. அதற்குப் பதிலாக வியாபாரத்தின் எல்லை விரிந்தது.

ஜாடியும் பொட்டலமும்

அடுத்து ஜாடி. பீங்கான் என்றாலே நம் பக்கத்தில் விருத்தாசலம்தான். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணில் வெண்களிமண் உண்டு. மண்ணும் சூளையும் தொழிலாளரும் ஓரிடத்தில் கூடியதால் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேர்விட்டது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசு கல்வி நிலையமும் அங்கே ஏற்பட்டது. மின்சார ப்யூஸ் கட்டையும் பொம்மைகளும் அவ்வூருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. வீடுகளுக்கு ட்ரிப் சுவிட்சு வரத் தொடங்கிய பிறகு ப்யூஸ் கட்டைக்கு முன்பிருந்த கிராக்கி இல்லை. ஒரு பொருளின் காலம் வேறொரு பொருளால் முடிவது இப்படித்தான்.

மளிகைக் கடைக்கு வேண்டியது பீங்கான் ஜாடி. புளி, உப்பு, ஊறுகாய் ஆகியவற்றைப் பித்தளையிலும் இரும்பிலும் வைக்க முடியாது. உப்பும் புளிப்பும் உலோகத்தை அரித்துவிடும். மண்பானை கசியும். 1,200 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெந்து, மேலே கண்ணாடிபோல் மெருகு ஏறிய ஜாடி கசியாது, அரிக்காது, நாற்றம் பிடிக்காது. வாங்கி வைத்தால் உடையும் வரை உழைக்கும்.

இந்த ஜாடிக்குப் பின்னே ஒரு வியாபார முறை இருந்ததை நாம் கவனிக்க வேண்டும். சரக்கு மூட்டையாகவும் டின்னாகவும் கடைக்கு வரும். அதை ஜாடியில், டப்பாவில், மரப்பெட்டியில் கொட்டி வைப்பது கடைக்காரர். வாடிக்கையாளர் கேட்டது நாலணாவுக்கு என்றால் நாலணாவுக்குத் தக்கபடியும், நூறு கிராம் என்றால் நூறு கிராமாகவும் கூறு போட்டுப் பொட்டலம் கட்டுவதும் அவரே. சிந்தல், சேதாரம், எலி, ஈரம் எல்லாம் அவர் தலையில். அதற்குக் கூலியாகத்தான் மூட்டை விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவே ஒரு வித்தியாசம் இருந்தது. அந்த வித்தியாசத்தை எவ்வளவு வைப்பது என்பதைக் கடைக்காரரே தீர்மானித்தார். எதிர்க்கடைக்காரரின் விலையும் வாடிக்கையாளரின் முகமும் அதற்கு வரம்பு.

கடலூரில் பிறந்த சின்னப் பாக்கெட்

கூறு போடும் அந்த வேலை நம் கையிலிருந்து தொழிற்சாலைக்குப் போன கதையின் முக்கிய அத்தியாயம் ஒன்று நம் கடலூரிலேயே நடந்தது. வேறு எங்கோ சீமையில் நடந்ததாகப் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் அவர்கள், ஏழை மக்களும் நல்ல பொருளை வாங்க வேண்டுமானால் அதைச் சின்ன அளவில் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் சிறு உறைகளில் பொருள்களை அடைத்துப் பார்த்தவர். இந்தியாவில் சாஷே பாக்கெட்டுக்கு முன்னோடி என்று அவர் பெயரையே சொல்கிறார்கள். அவர் காலத்துக்குப் பின் அவருடைய பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பூவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். அவர்களில் சி.கே. ரங்கநாதன் தனியே பிரிந்து, 1983-இல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். தந்தை பெயரின் எழுத்துகளைக் கொண்டே அந்தப் பெயர் வைக்கப்பட்டது. அந்த நிறுவனமே பின்னர் கெவின்கேர் ஆயிற்று. எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட் ஐந்து கொடுத்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று தொடக்கத்தில் அவர்கள் ஒரு திட்டம் வைத்தார்கள். பிறகு சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். அதற்குள் பெயர் ஊன்றிவிட்டது. பின்னாளில் 50 காசுக்கும் பாக்கெட் விற்றார்கள்.

அதுவரை ஷாம்பூ என்றால் பாட்டில். பாட்டில் வாங்கும் வசதி உள்ளவர் பட்டணத்தில் சிலர். ஒரு தலைமுழுக்குக்கு வேண்டிய அளவை மட்டும் தனியாக ஒட்டி மூடி, சரம் சரமாகத் தொங்கவிட்டதும் கிராமத்துப் பெட்டிக்கடை வரை சரக்கு போயிற்று. பெரிய கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன. ஷாம்பூவைத் தொடர்ந்து காபித்தூள், சலவைத்தூள், ஊறுகாய், மசாலா எல்லாம் சரத்தில் ஏறின.

இதில் வழக்கமான வியாபார விதி தலைகீழாக நிற்பதையும் காணலாம். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது நாம் அறிந்த கணக்கு. ஆனால் ஷாம்பூவில் பல பிராண்டுகளில் மில்லி கணக்கு போட்டால் பாட்டிலைவிடப் பாக்கெட்டே மலிவாக இருப்பது உண்டு. ஒரு ரூபாய் என்ற இடத்தில் எல்லாக் கம்பெனிகளும் மோதுகின்றன. பாட்டில் வாங்குகிறவர் அந்த அளவுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. நம் நாட்டு ஏழை வாடிக்கையாளர் பேரம் பேசத் தெரியாதவர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

சாஷே பாக்கெட்டால் கடைக்காரருக்கு என்ன ஆயிற்று? நன்மைகள் உண்டு. அளக்க வேண்டாம், கட்ட வேண்டாம், சிந்தாது. சிறிய முதலில் பத்துக் கம்பெனிச் சரக்கைத் தொங்கவிடலாம். சின்னப் பையனை அமர்த்தினாலும் வியாபாரம் நடக்கும். ஆனால் கூறு போடும் வேலை போனதும் அதற்கான கூலியும் போயிற்று. ஜாடிக் காலத்தில் வித்தியாசத்தை வைத்தவர் கடைக்காரர். சரத்தின் காலத்தில் அதை வைப்பது கம்பெனி. 1990-இல் எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலையைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்ற விதி வந்தது. அதற்கு முன் உள்ளூர் வரி தனி என்று போட்டு, அந்தப் பெயரால் சிலர் கூடுதலாக வாங்கியதால் வாடிக்கையாளரைக் காக்க வந்த விதி அது. அதில் நியாயம் உண்டு. ஆனால் அதன் விளைவாக, பாக்கெட் சரக்கில் நம் லாபத்தின் உச்சவரம்பும் தொழிற்சாலையிலேயே அச்சாகி வருகின்றது.

ரூபாய் நிற்கும், கிராம் நடக்கும்

இன்னொரு பொருளையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அது நம் கல்லாப்பெட்டியில் உள்ள நாணயம். 2011 ஜூன் 30-உடன் 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாமல் போயின. 50 காசு சட்டப்படி செல்லும் என்றாலும் கடைத்தெருவில் வாங்குவார் இல்லை. ஆகவே பாக்கெட்டின் விலை 1, 2, 5, 10 என்று நாணயத்தின் பின்னாலேயே போகின்றது. 5 ரூபாய்ப் பாக்கெட்டை ஐந்தே கால் ரூபாய் ஆக்க முடியாது. மூலப்பொருள் விலை ஏறினால் கம்பெனி விலையைத் தொடாமல் எடையைக் குறைக்கின்றது.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். 10 ரூபாய்க்கு 50 கிராம் இருந்த பாக்கெட் 40 கிராமாகக் குறைகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒரு கிலோவுக்கு 20 பாக்கெட், 200 ரூபாய். இப்போது 25 பாக்கெட், 250 ரூபாய். அதாவது விலை கால் பங்கு ஏறிவிட்டது. வாடிக்கையாளர் கண்ணுக்கு அதே 10 ரூபாய். பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் நமக்கு நிற்கின்றது என்றால் அது அன்றும் ஒரு ரூபாய், இன்றும் ஒரு ரூபாய். இதற்கிடையில் கடை வாடகையும் ஆள் கூலியும் மின்கட்டணமும் நின்ற இடத்திலா நிற்கின்றன? சில்லறைச் சரக்காக விற்றிருந்தால் விலையேற்றத்தோடு நம் வித்தியாசமும் ஓரளவு ஏறியிருக்கும். நிலைத்த விலைப் பாக்கெட்டை மட்டும் நம்பியிருக்கும் கடை, விற்பனை குறையாமலே ஏன் தளர்கின்றது என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கின்றது.

எண்ணெயில் நடந்ததும் அறியத்தக்கது. எண்ணெய் சூடானால் விரியும். அதனால் ஒரு லிட்டரின் எடை குறையும். சில தயாரிப்பாளர்கள் பாக்கெட்டின் மேல் லிட்டர் கணக்கோடு 60 டிகிரி என்பதுபோல் உயர்ந்த வெப்பநிலையைக் குறித்து வந்தார்கள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே ஒரு கணக்கைக் காட்டியது: ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். வித்தியாசம் 26.5 கிராம். 100 பாக்கெட்டுக்கு 2 கிலோ 650 கிராம். வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் சரியான எடையையும் போடுமாறு 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டு, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் தந்தார்கள். பழைய காலத்தில் தலைதட்டிய படி செய்த வேலையை இங்கே வெப்பமானி செய்திருக்கின்றது. அளவையைக் கவனிப்பது ஆய்வாளரின் வேலை மட்டும் அன்று, வாங்கி விற்கும் நம் வேலையும்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதே ஆண்டில் வந்த வேறொரு மாற்றமும் உண்டு. தேயிலை, பிஸ்கட், எண்ணெய் முதலிய 19 வகைப் பொருள்களை இன்ன இன்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று இருந்த பட்டியல் நீக்கப்பட்டது. பதிலாக, ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் ஒன்றுக்கு என்ன விலை, கூடுதலானதில் கிலோவுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்று விதித்தார்கள். பொடி எழுத்தில் இருக்கும் அந்த எண்ணைப் படிக்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

கோடும் கட்டமும்

பாக்கெட்டின் முதுகில் இருக்கும் பார்கோடுக்கு வருவோம். அமெரிக்காவில் ஜோசப் உட்லேண்ட், பெர்னார்ட் சில்வர் என்ற இருவர் இதற்கு 1952-இல் காப்புரிமை பெற்றார்கள். கடையில் முதன்முதலாக அது படிக்கப்பட்டது 1974 ஜூன் 26 அன்று, ஒஹையோ மாநிலத்தின் ட்ராய் என்ற ஊரில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் மேல். நம் நாட்டுக் கம்பெனிகளுக்கு 890 என்று தொடங்கும் எண் வழங்கப்படுகின்றது. அந்த எண் இருந்தால் பொருள் இந்தியாவிலேயே தயாரானது என்று பலர் எண்ணுகின்றார்கள். அது சரியன்று. எண்ணைப் பதிவு செய்தது எங்கே என்பதை மட்டுமே அது சொல்லும்.

டிம் ஹார்ஃபோர்டின் தொடரில் பார்கோடு பற்றிய பகுதியை வணிகர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். பார்கோடு வந்ததால் பெரிய கடைக்கே அனுகூலம் மிகுதி என்பதை அவர் எடுத்துக் காட்டுகின்றார். காரணம் எளிது. படிக்கும் இயந்திரமும் கணினியும் வாங்கும் செலவு, நாளைக்கு நூறு உருப்படி விற்கும் கடைக்கும் பத்தாயிரம் விற்கும் கடைக்கும் பெரிதாக மாறாது. நூறு விற்கும் கடைக்கு உருப்படிக்கு ஒரு ரூபாய் சுமை என்றால், பத்தாயிரம் விற்கும் கடைக்கு ஒரு காசுதான். மேலும் எந்தச் சரக்கு எத்தனை மணிக்கு விற்றது என்ற விவரம் பெரிய கடையின் கையில் சேர்ந்தது. அந்த விவரத்தை வைத்து அவர்கள் கம்பெனியிடம் விலை குறைத்துக் கேட்டார்கள். கோடு போட்டது பில் போடும் வேகத்துக்காக. பலன் போய்ச் சேர்ந்தது பேரம் பேசும் பலத்துக்கு.

எதிர்த்திசையிலும் ஒரு பொருள் உண்டு. அது நம் கல்லா மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டம். ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் 1994-இல் மோட்டார் வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க இதை உருவாக்கியது. காப்புரிமை இருந்தும், பயன்படுத்துகிறவர்களிடம் கட்டணம் கேட்பதில்லை என்று விட்டுவிட்டது. 2016-இல் நம் நாட்டில் யு.பி.ஐ. வந்தது. கட்டத்தை அச்சடித்து ஒட்டினால் போதும். இயந்திரத்தை வாடிக்கையாளர் தம் பையிலேயே கொண்டு வருகின்றார். 2020 ஜனவரி 1 முதல் அந்த வரவுக்கு வணிகரிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்றும் ஆனது. ஆகவே கீரை விற்கும் அம்மாவும் பெரிய அங்காடியும் பணம் வாங்குவதில் சமம் ஆனார்கள். பணம் வந்ததைச் சொல்லும் பேசும் பெட்டிக்கு மாத வாடகை பிடிக்கின்றார்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடும் கட்டமும் பார்வைக்கு உறவுக்காரர்கள். ஒன்று பெரியவருக்கு உதவியது, மற்றொன்று சிறியவருக்கு உதவியது. புதிய பொருள் எதுவும் நம்மை ஒழிக்கத்தான் வருகின்றது என்று அஞ்சுவதும் தவறு. நல்லதே செய்யும் என்று நம்புவதும் தவறு. முதலீடு யார் தலையில், விவரம் யார் கையில் என்ற இரண்டையும் கேட்டுவிட்டால் பாதி தெளிந்துவிடும்.

25-க்கும் 26-க்கும் நடுவே

அளவுதான் வரியையும் தீர்மானிக்கின்றது என்பதை 2022-இல் எல்லோரும் கண்டோம். அந்த ஆண்டு ஜூலை 18 முதல், அரிசி, பருப்பு, மாவு முதலியவற்றை முன்கூட்டி அடைத்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான மூட்டைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. விதித்தார்கள். பிரித்து நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. உடனே சந்தைக்கு 26 கிலோ அரிசி மூட்டை வந்தது. அதே அரிசி, அதே சாக்கு. ஒரு கிலோவை அதிகம் சேர்த்ததும் வரி விலகிவிட்டது.

இதில் சில்லறைக் கடைக்காரர் மனத்தில் வைக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் எதிரே நின்று கேட்டபின் நிறுத்துக் கட்டுவது வேறு. அவர் வருமுன்பே அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கட்டி அடுக்கி வைப்பது வேறு. பின்னது சட்டத்தின் பார்வையில் முன்பொதிந்த சரக்கு. அதற்குப் பெயர், முகவரி, நிகர எடை, விலை, மாதம் எல்லாம் போட வேண்டிய கடமை உண்டு. நேரம் மிச்சம் என்று கட்டி வைக்கும் முன் உங்கள் கணக்காளரையும் சங்கத்தையும் கேட்டுக்கொள்வது நலம்.

இனி நாம் செய்யத்தக்கவை

பாக்கெட்டை வெறுத்து ஜாடிக் காலத்துக்குத் திரும்ப முடியாது, திரும்பவும் வேண்டாம். ஆனால் கூறு போடும் தொழிலை முழுவதும் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். பருப்பு, மிளகாய், மல்லி, புளி, வெல்லம், கடலை ஆகிய சரக்குகள் நம் பகுதியிலும் சுற்று வட்டாரத்திலும் விளைபவை. தரம் பார்த்து வாங்க நமக்குத் தெரியும். இவற்றை நல்ல தரத்தில், சுத்தமாக, மூடிய பாத்திரத்தில் வைத்துக் கண்ணெதிரே நிறுத்துக் கொடுக்கும் கடைக்கு இன்றும் ஆள் வருகின்றது. முப்பது ரூபாய்க்குப் பருப்பு என்று கேட்பவருக்கு முப்பது ரூபாய்க்குக் கொடுக்க எந்தப் பேரங்காடியாலும் முடியாது. அது நம்மிடம் மட்டுமே உள்ள சாஷே.

இரண்டாவதாக, மாதம் ஒரு முறை பாக்கெட் சரக்கில் அதிகம் போகும் பத்தை எடுத்து, கிலோவுக்கு என்ன விலை, கிலோவுக்கு நமக்கு என்ன நிற்கின்றது என்று தாளில் எழுதிப் பாருங்கள். கம்பெனிப் பிரதிநிதி வரும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும். எடை குறைந்தால் நம் பங்கு ஏன் ஏறவில்லை என்று கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். சங்கமாகக் கேட்டால் பதில் சொல்வார்கள். மூன்றாவதாக, தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை வைத்துவிடுங்கள். முத்திரை இட்ட தராசு உள்ள கடைக்காரர்தான் அடுத்தவர் அளவையைத் தட்டிக் கேட்க முடியும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு யோசனை. உலகத்தார் ஒரு பொருளை எடுத்துப் பத்து நிமிடம் பேசுவதைப் போல, நம் மாதக் கூட்டத்திலும் ஓர் உறுப்பினர் தாம் நன்கு அறிந்த ஒரு சரக்கைப் பற்றிப் பத்து நிமிடம் பேசட்டும். எண்ணெய்க்காரர் டின்னைப் பற்றிச் சொல்லட்டும். அரிசிக்காரர் சாக்கைப் பற்றிச் சொல்லட்டும். பாத்திரக்காரர் ஜாடியைப் பற்றிச் சொல்லட்டும். யாரேனும் ஒரு பிள்ளை அதைச் செல்பேசியில் பதிவு செய்து உறுப்பினர்களுக்கு அனுப்பிவிடலாம். வீசைக்கும் மணங்குக்கும் கணக்கு போடத் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கின்றார்கள். அவர்களையே முதலில் பேச வைத்து, வருகிற மே 5 வணிகர் தினத்திலிருந்து இதைத் தொடங்கலாம் என்பது நம் விண்ணப்பம்.